பழைய டாஸ் விளையாட்டில் சத்தம் வரவில்லையா? டாஸ்பாக்ஸில் இப்படிச் சரிசெய்யுங்கள்

அக்கா மகனுக்கு டூம் காட்டுகிறேன் என்று ஜம்பமாக லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். படம் வந்தது, கதவு திறந்தது, சுட்டால் எதிரி விழுந்தான். காதில் மட்டும் ஒன்றுமில்லை. "மாமா, இது ஊமைப்படமா?" என்று கேட்டுவிட்டு அவன் போனை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மூன்று இரவு உட்கார்ந்து, பழைய டாஸ் விளையாட்டை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் டூம், குவேக் இரண்டையும் முழுச் சத்தத்தோடு ஓடவைத்தேன். விஷயம் தெரிந்திருந்தால் அரைமணி நேர வேலை. உங்களுக்கு அந்த மூன்று இரவு மிச்சமாகட்டும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடியுங்கள். கான்ஃபிக் கோப்பிலும் (டாஸ்பாக்ஸின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பு) திரையிலும் அந்தந்தச் சொல் கண்ணெதிரே இருக்கும் என்பதால் குழப்பம் வராது.

0. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

டாஸ்பாக்ஸ் 0.74-3 (2019இல் வந்தது) அல்லது அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங். இரண்டுமே இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். கீழே நான் சொல்வது விண்டோஸில் 0.74-3ஐ வைத்து. ஸ்டேஜிங் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

விளையாட்டின் கோப்புறை முழுசாக இருக்க வேண்டும். இது முக்கியம். ஒரு காலத்தில் ஃப்ளாப்பியில் அடக்குவதற்காகப் பாட்டு, பேச்சுக் கோப்புகளையெல்லாம் வெட்டிவிட்டு ஆளுக்கு ஆள் காப்பி கொடுத்தார்கள். அந்தக் காப்பிதான் இன்றும் பல பென்டிரைவ்களில் சுற்றுகிறது. இல்லாத பாட்டை எந்த அமைப்பாலும் வரவழைக்க முடியாது. செட்டப் அல்லது இன்ஸ்டால் என்ற பெயரில் ஒரு எக்ஸி கோப்பு உள்ளே இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பாதி நிம்மதி.

கோப்புறையை 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் விடாது. செட்டப்பில் நீங்கள் சேமித்தது சேமித்த மாதிரி தெரியும், அடுத்தமுறை காணாமல் போயிருக்கும். சி டிரைவில் நேராக, இடைவெளி இல்லாத எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வயர் உள்ள ஒரு ஹெட்போன். ஏன் என்று 2ஆம் படியில்.

1. எந்தச் சத்தம் வரவில்லை என்று முதலில் பாருங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதைக் கேட்காததுதான். 'சத்தம் வரவில்லை' என்று தேடினேன், ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள், எல்லாவற்றையும் போட்டேன், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது.

டாஸ் விளையாட்டில் சத்தம் என்பது ஒரே குழாய்த் தண்ணீர் அல்ல. துப்பாக்கிச் சத்தமும் ஆள் பேசுவதும் பதிவுசெய்த ஒலி. அது சவுண்ட் பிளாஸ்டர் என்ற அந்தக் கால சவுண்ட் கார்டு (டாஸ்பாக்ஸ் அதைப் போல நடிக்கும்) வழியாக வரும். பின்னணி இசை பெரும்பாலும் தனி வழி: ஒன்று அட்லிப் கார்டின் எஃப்எம் இசை (சிப்பே உருவாக்கும் ஒலி), இல்லையென்றால் மிடி (எந்த வாத்தியம், எந்தச் சுரம் என்ற குறிப்பை மட்டும் அனுப்பும் முறை). சிடியில் வந்த விளையாட்டென்றால் இசை சிடியின் ஆடியோ டிராக்காகவே இருக்கலாம். இவை எதுவும் இல்லாத பழசு என்றால் பீப் பீப் என்று பிசி ஸ்பீக்கர்.

ஆகவே: எதுவுமே கேட்கவில்லை என்றால் படி 2, 3, 4. இசை வருகிறது, சுடும் சத்தம் இல்லை என்றால் நேராக 4. சுடும் சத்தம் இருக்கிறது, இசை இல்லை அல்லது கன்னாபின்னாவென்று வாத்தியம் மாறி ஒலிக்கிறது என்றால் 6. சிடி விளையாட்டில் இசை மட்டும் இல்லை என்றால் 7. கரகரப்பு, வெட்டி வெட்டி வருவது 5.

2. கம்ப்யூட்டர் பக்கம் ஐந்து நிமிடம்

டாஸ்பாக்ஸைத் திறந்ததும் பின்னால் இன்னொரு கறுப்பு ஜன்னல் சேர்ந்து திறக்கும். எல்லோரும் அதைச் சிறிதாக்கித் தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள், படியுங்கள். அதில் 'மிக்சர்' என்று தொடங்கி, ஆடியோவைத் திறக்க முடியவில்லை, 'நோசவுண்ட்' முறையில் ஓடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கோளாறு விளையாட்டில் இல்லை, விண்டோஸில். ஒலி வெளியேறும் கருவி தேர்வாகியிருக்கிறதா, வால்யூம் மிக்சரில் டாஸ்பாக்ஸ் ஊமையாக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஹெட்போனைச் செருகிவிட்டு டாஸ்பாக்ஸை மூடித் திறங்கள். ஓடும்போது செருகினால் 0.74-3 பழைய கருவியையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ப்ளூடூத் ஹெட்போனைச் சோதனை முடியும்வரை கழற்றி வையுங்கள். அதுவே ஒலியை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் தாமதப்படுத்தும். சுட்டு, எதிரி விழுந்த பிறகு 'டுமீல்' வரும். இதைச் சரிசெய்கிறேன் என்று முதல் இரவு முழுக்க டாஸ்பாக்ஸ் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். வயர் ஹெட்போனைச் செருகியதும் தாமதம் மாயம்.

3. சரியான கான்ஃபிக் கோப்பைத்தான் திருத்துகிறீர்களா?

சிரிக்காதீர்கள், புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. தனியாக நிறுவிய டாஸ்பாக்ஸுக்கு, ஸ்டார்ட் மெனுவில் '0.74-3 ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்கினால் பொதுவான கான்ஃபிக் கோப்பு நோட்பேடில் திறக்கும். ஆனால் ஜிஓஜி போன்ற கடைகளில் வாங்கிய விளையாட்டு தன்னோடு சொந்தமாக ஒரு டாஸ்பாக்ஸையும் சொந்த கான்ஃப் கோப்புகளையும் கொண்டுவரும். பொதுக் கோப்பை நீங்கள் நூறு தடவை மாற்றினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே தேடுங்கள். அங்கே இரண்டு கான்ஃப் இருந்தால் பொதுவாகப் பெரியதில் சவுண்ட் அமைப்பு, சிறியதில் தொடக்கக் கட்டளைகள். இரண்டிலும் ஒரே வரி இருந்தால் பின்னால் படிக்கப்படும் கோப்பு சொல்வதுதான் செல்லும்.

சரியான கோப்புதானா என்று உறுதிசெய்ய ஒரு தந்திரம்: 'ஃபுல்ஸ்கிரீன்' வரியில் ட்ரூ என்றிருந்தால் ஃபால்ஸ் ஆக்குங்கள், ஃபால்ஸ் என்றிருந்தால் ட்ரூ ஆக்குங்கள். திரை மாறினால் கோப்பு சரி.

திருத்தும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

4. நான்கு எண்கள்: பெரும்பாலான கோளாறு இங்கேதான்

அந்தக் கால விளையாட்டு சவுண்ட் கார்டைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று நம்பாதீர்கள். "கார்டு இந்த முகவரியில் இருக்கிறது, இந்தக் கம்பியில் கூப்பிடும்" என்று நாம் சொல்ல வேண்டும். விளையாட்டின் செட்டப்பில் எழுதியிருப்பதும் டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்கில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருந்தால் சத்தம் வரும். அவ்வளவுதான் இதன் ரகசியம்.

கான்ஃபிக்கில் 'எஸ்பிளாஸ்டர்' பகுதிக்குப் போங்கள். தொட்டுக் கெடுக்காமல் இருந்தால் இப்படி இருக்கும்: எஸ்பிடைப் என்பதில் எஸ்பி16, எஸ்பிபேஸ் 220 (இதுதான் முகவரி, அதாவது போர்ட்), ஐஆர்க்யூ 7 (கூப்பிடும் கம்பி), டிஎம்ஏ 1, ஹெச்டிஎம்ஏ 5 (இரண்டும் ஒலித் தரவு போகும் வழி). இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 220, 7, 1, 5. எந்த செட்டப் கேட்டாலும் இதையே சொல்லப்போகிறீர்கள்.

இப்போது டூமை வைத்துச் செய்துபார்ப்போம். டாஸ்பாக்ஸில் கோப்புறையை மவுண்ட் செய்து (ஒரு டிரைவாக இணைத்து), விளையாட்டுக்குப் பதிலாக செட்டப்பை ஓடவிடுங்கள். மியூசிக் கார்டு என்று ஒன்று கேட்கும், சவுண்ட் எஃபெக்ட் கார்டு என்று வேறொன்று கேட்கும். இரண்டும் வேறு வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோனால் பாட்டு மட்டும் வரும். முதல் சோதனைக்கு இரண்டிலும் சவுண்ட் பிளாஸ்டர் கொடுங்கள். போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. வெளியே வரும்போது 'சேவ்' என்று உள்ள வரியைத் தேர்ந்து வெளியே வாருங்கள். எஸ்கேப்பைத் தட்டிக்கொண்டே வந்தால் ஒன்றும் பதிவாகாது.

ஐஆர்க்யூதான் வில்லன். நிஜமான சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு பெரும்பாலும் 5இல் இருந்தது. அதனால் பல விளையாட்டுகள் 5 என்று எடுத்துக்கொள்ளும். டாஸ்பாக்ஸ் இருப்பதோ 7இல். இது தப்பினால் கிடைக்கும் அறிகுறியைக் காதால் கண்டுபிடிக்கலாம்: முதல் சத்தத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி 'டக்-டக்-டக்' என்று திரும்பத் திரும்ப வரும், அல்லது விளையாட்டே உறைந்துபோகும். காரணம், அந்தத் துண்டு ஒலித்து முடிந்ததும் கார்டு "அடுத்ததைக் கொடு" என்று 7இல் கூப்பிடுகிறது. விளையாட்டு 5இல் காதை வைத்துக்கொண்டிருக்கிறது. செட்டப்பில் எண்ணை மாற்ற வழியில்லையென்றால் டாஸ்பாக்ஸ் பக்கம் ஐஆர்க்யூவை 5 ஆக்குங்கள். அப்படிச் செய்யும்போது 'கஸ்' (கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற வேறொரு கார்டு) பகுதியில் அது ஃபால்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் கார்டுக்கும் 5தான் ஒதுக்கியிருக்கிறது, இரண்டும் மோதும்.

குவேக்கில் செட்டப்பே கிடையாது. அது 'பிளாஸ்டர்' என்ற சூழல் மாறியை (டாஸ் நினைவில் வைத்திருக்கும் ஒரு மதிப்பு) படித்துத்தான் கார்டைத் தெரிந்துகொள்ளும். டாஸ்பாக்ஸ் அதைத் தானாகவே சரியாக வைத்துவிடும். அப்புறம் எனக்கு ஏன் சத்தம் வரவில்லை? பழைய கம்ப்யூட்டரின் ஆட்டோஎக்ஸெக் (தொடங்கியதும் தானாக ஓடும் கட்டளைகள்) கோப்பிலிருந்து 'செட் பிளாஸ்டர்' வரியை, பத்திரமாக இருக்கட்டும் என்று அப்படியே கான்ஃபிக்கின் அடியில் ஒட்டியிருந்தேன். அதில் ஐ5, அதாவது ஐஆர்க்யூ 5. டாஸ்பாக்ஸ் வைத்த ஐ7ஐ நானே அழித்துக்கொண்டிருக்கிறேன்! அந்த வரியை நீக்கியதும் கோடரி சத்தம் வந்தது. வெறும் 'செட்' என்று அடித்தால் இப்போது இருக்கும் மதிப்பு தெரியும்: ஏ220 ஐ7 டி1 ஹெச்5 டி6 என்று வர வேண்டும். கடைசி டி6 (இந்த டி, டைப் என்பதன் முதலெழுத்து) என்பது சவுண்ட் பிளாஸ்டர் 16ஐக் குறிக்கும்.

செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ வரைக்கும்தான் பெயர் இருக்கிறது, 16 இல்லை என்றால் எஸ்பிடைப்பை எஸ்பிப்ரோ2 ஆக்கிப் பாருங்கள்.

5. கரகரப்பும் திக்கலும்

இதற்கு ஆளாளுக்கு 'சைக்கிள்ஸைக் கூட்டு' என்பார்கள். பாதி நேரம் குறைக்க வேண்டும். சைக்கிள்ஸ் என்பது டாஸ்பாக்ஸ் நடிக்கும் கம்ப்யூட்டரின் வேகம். அதை ஏற்ற ஏற்ற உங்கள் நிஜக் கம்ப்யூட்டருக்கு வேலை கூடும், ஒலியை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போகும், அதுதான் கரகரப்பு. ரொம்பக் குறைத்தாலோ விளையாட்டே ஒலியைத் தயாரிக்க முடியாமல் திணறும். படமும் சேர்ந்து இழுக்கும். படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஒலி மட்டும் உடைகிறது என்றால் குறையுங்கள். படம், ஒலி இரண்டும் இழுத்தால் கூட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல்-எஃப்11 குறைக்கும், கன்ட்ரோல்-எஃப்12 கூட்டும். லேப்டாப்பில் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். ஜன்னலின் தலைப்பில் எண் மாறுவதைப் பார்க்கலாம். டூமுக்கு நான் 25000இல் தொடங்குவேன். 1990க்கு முந்தைய விளையாட்டென்றால் 3000 போதும். ஒத்துவந்த எண்ணை கான்ஃபிக்கின் சைக்கிள்ஸ் வரியில் 'ஃபிக்ஸ்டு' என்ற சொல்லோடு எழுதிவிடுங்கள்.

சில பழைய விளையாட்டுகள் தொடக்கத்தில் கார்டைத் தட்டிப் பார்த்து, இத்தனை கணத்தில் பதில் வருகிறதா என்று எண்ணும். சைக்கிள்ஸ் அதிகமாக இருந்தால் எண்ணிக்கை முன்னாலேயே முடிந்து, கார்டே இல்லை என்று முடிவுகட்டிவிடும். 3000இல் திறந்து, மெனு வந்த பிறகு எஃப்12ஆல் ஏற்றுங்கள்.

அடுத்து 'மிக்சர்' பகுதி. பிளாக்சைஸ் 1024 என்று இருக்கும்; 44100 வேகத்தில் இது 23 மில்லிசெகண்ட் ஒலி. 2048 ஆக்குங்கள், 46 ஆகும். ப்ரீபஃபரை 25லிருந்து 50க்கு ஏற்றுங்கள். கரகரப்பு நிற்கும், கூடவே சிறு தாமதமும் வரும். பிளாக்சைஸை 4096 ஆக்கினால் தாமதம் காதுக்கே தெரியும், அதுவரை போகாதீர்கள். ரேட் என்று முடியும் எல்லா வரிகளிலும் ஒரே எண் இருக்கட்டும்.

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் இதெதுவும் வேண்டாம். சார்ஜரைச் செருகுங்கள்.

6. மிடி இசை

செட்டப்பில் 'ஜெனரல் மிடி' என்று இருந்தால் தாராளமாகத் தேர்ந்தெடுங்கள், போர்ட் 330. விண்டோஸில் கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சொந்தச் சிந்தசைசரே வாசிக்கும். அந்தக் கறுப்பு ஜன்னலில் மிடி கருவி திறந்தது என்ற வரியைப் பாருங்கள். வேறு மிடி மென்பொருளும் நிறுவியிருந்தால் 'மிக்சர் /லிஸ்ட்மிடி' என்று அடியுங்கள். எண் போட்ட பட்டியல் வரும். வேண்டிய எண்ணை மிடிகான்ஃபிக் வரியில் எழுதுங்கள்.

அந்தச் சிந்தசைசரின் ஒலி கொஞ்சம் தகரடப்பா ரகம். காதுக்கு நல்லதாக வேண்டுமென்றால் ஸ்டேஜிங்குக்கு மாறுவதே சுலபம். மிடிடிவைஸ் வரியில் ஃப்ளூயிட்சிந்த் என்று கொடுத்து, சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) வரியில் ஒரு எஸ்எஃப்2 கோப்பின் முழு முகவரியைக் கொடுத்தால் போதும். ஜெனரல்யூசர் ஜிஎஸ் சுமார் 30 எம்பி, இலவசம். ஃப்ளூயிட்ஆர்3 அதைவிடப் பல மடங்கு பெரியது. மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் முதலில் சிறியதை எடுங்கள். என் காதுக்கு அதுவே போதும்.

பொறி: செட்டப்பில் 'ரோலண்ட் எம்டி-32' (அந்தக் கால இசைக் கருவி ஒன்று) என்றும் ஒரு பெயர் இருக்கும். ரோலண்ட் என்றாலே உசத்தி என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். எம்டி-32இன் வாத்திய வரிசை வேறு, ஜெனரல் மிடியின் வரிசை வேறு. வயலின் வர வேண்டிய இடத்தில் விசில் வரும். அதை முறையாக ஓடவைக்க மன்ட் என்ற எமுலேட்டரும் அந்தக் கருவியின் ரோம் (உள்ளே பதிந்திருக்கும் தரவு) கோப்புகளும் வேண்டும். அந்த ரோம்கள் காப்புரிமைக்கு உட்பட்டவை. கருவியே சொந்தமாக இல்லாத புதியவர்கள் அட்லிப் அல்லது சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தால் இசை ஒழுங்காக வரும்.

7. சிடி விளையாட்டு: ஐஎஸ்ஓ எடுத்தால் பாட்டு போச்சு

இரண்டாவது இரவு இதில்தான் போனது. குவேக் சிடியை, நண்பரிடம் இரவல் வாங்கிய யுஎஸ்பி டிரைவில் போட்டு அழகாக ஐஎஸ்ஓ (சிடியின் நகல் கோப்பு) எடுத்தேன். விளையாட்டு ஓடியது, சுடும் சத்தம் வந்தது, நைன் இன்ச் நெய்ல்ஸ் போட்ட பின்னணி இசை மட்டும் இல்லை. ஐஎஸ்ஓ கோப்பில் ஆடியோ டிராக்குக்கு இடமே இல்லை. அந்த சிடியின் முதல் டிராக் மட்டும்தான் விளையாட்டு, 2லிருந்து இசை. நான் எடுத்தது முதல் டிராக்கை மட்டும்.

'பின்', 'க்யூ' என்ற இரட்டைக் கோப்பாக எடுங்கள். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள், ஆடியோ கலந்த சிடி என்று கண்டால் தானே அந்த வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். கீறல் இல்லாத சிடிக்குப் பத்து, பதினைந்து நிமிடம். கீறல் இருந்தால் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எடுத்ததும் க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சில வரிதான். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பின் கோப்பின் பெயர். கீழே 'டிராக் 02 ஆடியோ', 'டிராக் 03 ஆடியோ' என்று வரிசை. 'ஆடியோ' என்ற சொல்லே இல்லையென்றால் திரும்ப எடுங்கள். பின் கோப்பின் பெயரை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றினால் இந்த முதல் வரியிலும் மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை, மவுண்டே ஆகவில்லை, சிடிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாம் தடவை எடுத்தேன்.

மவுண்ட் செய்ய: இம்ஜிமவுண்ட், ஓர் இடைவெளி, டி (டிரைவின் எழுத்து), ஓர் இடைவெளி, க்யூ கோப்பின் முழு முகவரி, கடைசியில் '-டி ஐஎஸ்ஓ' (இந்த டி, டைப் என்பதன் முதலெழுத்து). க்யூ கொடுக்கும்போது ஏன் ஐஎஸ்ஓ என்று குழம்ப வேண்டாம், எழுதுமுறையே அப்படித்தான். கொடுக்க வேண்டியது க்யூவின் பெயர், பின்னின் பெயரல்ல. விளையாட்டைத் தொடங்கும் முன்னரே செய்யுங்கள்.

குவேக்கில் சோதிக்க, எஸ்கேப்புக்குக் கீழே உள்ள பொத்தானைத் தட்டி கன்சோலைத் திறந்து 'சிடி ப்ளே 2' என்று அடியுங்கள். இசை வந்தால் முடிந்தது.

8. பீப் மட்டும் வரும் விளையாட்டுகள்

கம்ப்யூட்டர் சென்டர்களில் நாம் ஆடிய டேஞ்சரஸ் டேவ் இந்த ரகம். அதில் சவுண்ட் கார்டு ஒலியே கிடையாது. எந்தக் கார்டைப் போட்டாலும் பீப்தான். தேடி அலையாதீர்கள். 'ஸ்பீக்கர்' பகுதியில் பிசிஸ்பீக்கர் ட்ரூ என்று இருந்தால் போதும். காதைக் குடைந்தால் 'மிக்சர் எஸ்பிகேஆர் 40' என்று குறைத்துக்கொள்ளலாம். வெறும் 'மிக்சர்' என்று அடித்தால் எல்லா வழிகளின் அளவும் தெரியும். டூமில் இசை அமுங்கியிருந்தால் 'மிக்சர் எஃப்எம் 150'.

9. சரியானதும் உடனே செய்ய வேண்டியது

ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி கான்ஃப் கோப்பு வையுங்கள். முழுக் கோப்பும் வேண்டாம். மாற்றிய வரிகளும் அவற்றின் பகுதித் தலைப்பும், மவுண்ட் கட்டளைகளோடு ஆட்டோஎக்ஸெக் பகுதியும் இருந்தால் போதும், மற்றதை டாஸ்பாக்ஸ் தன் இயல்பு மதிப்பாக எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டு, டாஸ்பாக்ஸின் முகவரிக்குப் பின்னால் '-கான்ஃப்' என்று எழுதி, அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். டூமுக்கு ஐஆர்க்யூ 7, வேறொன்றுக்கு 5 என்று தினமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எதை எதற்காக மாற்றினீர்கள் என்று அந்த வரிக்கு மேலேயே ஹேஷ் குறி போட்டுக் குறித்துவையுங்கள். ஆட்டோஎக்ஸெக் பகுதிக்குள்ளும் ஹேஷில் தொடங்கும் வரியை டாஸ்பாக்ஸ் விட்டுவிடும். அங்கே எழுதும் மற்ற வரிகளையெல்லாம் டாஸ்பாக்ஸ் கட்டளையாக ஓட்டிப்பார்க்கும். 'ரெம்' என்று தொடங்கி எழுதினாலும் சரிதான்.